இலைக்குள் ஒரு பாதை



நான் ஆசிரியப் பணியிலிருந்த காலத்தில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எலுமிச்சை இலை ஒன்றை என்னிடம் கொண்டுவந்தான். வெள்ளி இழைபோல் ஒரு கோடு அதில் வளைந்து வளைந்து ஓடியது. "நத்தை ஊர்ந்த தடம்" என்றேன். "ஐயா, துடைத்தால் போகவில்லையே, தடம் உள்ளே அல்லவா இருக்கிறது?" என்றான். மறுத்துப் பேசியதற்காக அவனைப் பெஞ்சின்மீது நிற்கவைத்தேன். ஓய்வு பெற்றபின், என் வீட்டு எலுமிச்சையில் அதே கோட்டைக் கண்டு உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கியபோதுதான், அவன் சொன்னதே மெய் என்று தெளிந்தேன்.

அது இலைத் துளைப்பான் என்னும் சிறிய அந்துப்பூச்சியின் வேலை. கல்கத்தாவில் கிடைத்த பூச்சிகளைக் கொண்டு, 1856-இல் ஸ்டெயின்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் இதற்கு ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா எனப் பெயரிட்டார். சிறகை விரித்தாலும் அகலம் சுமார் 4 மில்லிமீட்டர்தான். வெண்சிறகின் நுனியில் ஒரு கரும்புள்ளி உண்டு.

தாய்ப்பூச்சி முற்றிய இலையை நாடுவதில்லை. இளந்துளிரில் ஒவ்வொன்றாக முட்டையிடும். பொரிந்த புழு நேரே இலைத்தோலுக்கடியில் புகுந்து, உயிரணுக்களைக் கிழித்துச் சாற்றைப் பருகிக்கொண்டே செல்லும். பாதையின் நடுவே ஓடும் கறுத்த இழை அதன் எச்சம். புழுவாக இருக்கும்வரை அது வெளியே வருவதே இல்லை. கடைசிப் பருவத்தில் உணவையும் துறந்து, இலையோரத்தை அடைந்து, பட்டிழையால் விளிம்பை மடித்துக் கூட்டுப்புழுவாகிவிடும். வெப்பமான நாட்களில் முட்டை பூச்சியாவதற்கு இரண்டு மூன்று வாரம் போதும். குளிரில் ஏழு வாரமும் ஆகலாம்.

ஆசியாவுக்குரிய இப்பூச்சி 1993-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தென்பட்டது. சில ஆண்டுகளுக்குள் ஆரஞ்சு விளையும் பிற நாடுகள் பலவற்றிலும் பரவிற்று. இதை அடக்க, 1994-இல் ஒட்டுண்ணிக் குளவி ஒன்றை ஃபுளோரிடாவில் கொண்டுவந்து விட்டார்கள். புழு செய்யும் காயத்தைக்காட்டிலும், அக்காயத்தின் வழியே சொறி நோய்க் கிருமி நுழைவதே பெருங்கேடு.

மருந்து தெளிக்கும்படி அண்டை வீட்டார் சொன்னார்கள். தோலுக்குள் பதுங்கிய புழுவை மேலே தெளித்த மருந்து எளிதில் எட்டாது. நமக்கு உதவும் குளவிகளைத்தான் கொல்லும். நாற்றுகளுக்குத்தான் கவலை வேண்டும்; வளர்ந்த மரம் தாங்கிக்கொள்ளும். என் மரத்தை அதன் போக்கில் விட்டிருக்கிறேன்.

அம்மாணவன் இன்று எந்த ஊரிலோ! இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருந்தால், பெஞ்சிலிருந்து இறங்கிக்கொள்ளலாம்.