இறப்பரும் இயந்திரமும்



மோட்டார் வண்டியின் முன்மூடியைத் திறந்தால் எல்லோர் கண்ணிலும் முதலிற் படுவது இயந்திரம். அவ்வியந்திரம் எதன்மேல் இருக்கின்றது என்று குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே. அது வண்டியின் இரும்புச் சட்டத்தின்மேல் நேராக அமர்ந்திருக்கவில்லை. உள்ளங்கை அளவான மூன்று நான்கு இறப்பர்க் கட்டிகளே அதைத் தாங்கி நிற்கின்றன. கராஜுகளில் இவற்றை ‘என்ஜின் மவுண்ட்’ என்பர். சில்லுகளைப் பிடித்திருக்கும் கரங்களின் மூட்டுகளிலும், இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே இறப்பர் வார்த்த சிறு உருளைகள் உண்டு. அவை ‘புஷ்’ எனப்படும். இவற்றையெல்லாம் கழற்றிவிட்டு, அவ்விடங்களில் இன்னும் கடினமானவற்றைப் பூட்டிக்கொள்வோர் நம் மலைநாட்டிலும் இருக்கின்றனர். அது தகுமா என்பதே இன்றைய பேச்சு.

அவர்கள் செய்வதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஐந்தாண்டுகளும் பழைய வண்டிகளைக் கொண்டே காலம் தள்ள வேண்டியதாயிற்று. உதிரிப்பாகங்களின் விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. அடிக்கடி கிழியும் இறப்பரை மாற்றிக்கொண்டிருப்பதைவிட, ஒருமுறை பூட்டினால் பல்லாண்டு நிற்கும் என்று சொல்லப்படும் பொலியூரிதேன் என்ற செயற்கைப் பொருளைப் பூட்டுவது சிக்கனம் என்று வண்டிக்காரர் எண்ணியது இயல்பே. அதற்கும் வசதியற்றவர்கள் மவுண்டின் இடைவெளிகளில் பழைய டயர்த் துண்டுகளை வெட்டி அடைத்தனர்.

இறப்பர் அவ்விடத்துக்கு வந்தது எதற்காக? ஆரம்ப காலத்து வண்டிகள் பலவற்றில் இயந்திரத்தைச் சட்டத்தோடு நேரே முறுக்கிப் பூட்டினர். அதன் துடிப்பு முழுவதும் பிரயாணியின் பற்களில் வந்து ஒலித்தது. 1931இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் தனது பிளிமத் காரில் ஒரு புதுமை செய்தது. இயந்திரத்தின் முன்புறத்தில் உயரமாகவும், பின்புறத்தில் தாழ்வாகவும் இறப்பர்த் தாங்கிகளை வைத்து, இயந்திரம் தன் பாரமையத்தினூடாகச் செல்லும் அச்சைப் பற்றியே ஆடும்படி அமைத்தனர். ‘மிதக்கும் சக்தி’ என்பது அதற்கு இட்ட பெயர். நான்கு சிலிண்டர் இயந்திரம் எட்டுச் சிலிண்டர் இயந்திரம்போல அமைதியாக ஓடிற்று. அடுத்த ஆண்டே பிரான்சு தேசத்துச் சிற்றோன் நிறுவனத்தார் அந்த உரிமையை வாங்கித் தம் கார்களில் அன்னப்பறவைச் சின்னம் பொறித்து விற்றனர். நீரில் மிதக்கும் அன்னத்தை இரும்பு யந்திரத்துக்கு உவமையாக்கிய அவர்களுடைய கற்பனை, தமிழ் படித்த எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

அந்த மிதப்புக்கு ஒரு கணக்கு உண்டு. சிறிது பொறுமையுடன் கேட்டருளுக. நம் வீதிகளில் ஏராளமாக ஓடும் மாருதி 800 வண்டியில் மூன்று சிலிண்டர்கள். வண்டி நின்றபடி இயங்கும்போது இயந்திரம் நிமிடத்துக்கு 800 தடவை சுழல்கின்றது என்று கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை வெடிப்பதால், நிமிடத்துக்கு 1200 வெடிப்பு. அதாவது வினாடிக்கு 20. இனி, தாங்கிகளின்மேல் இருக்கும் இயந்திரத்தை ஒருமுறை தட்டிவிட்டால் அது தானே வினாடிக்கு 10 தடவை ஆடும் என்று வைத்துக்கொள்வோம். துடிப்பு 20, ஆட்டம் 10. இவ்வாறு துடிப்பு ஆட்டத்தின் இருமடங்காக இருக்கும்போது, அதன் விசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சட்டத்துக்குச் செல்லும். இப்போது நான்கு மடங்கு விறைப்பான தாங்கிகளைப் பூட்டுவோம். ஆட்டம் இருமடங்காகி 20 ஆகிவிடும். துடிப்பும் 20, ஆட்டமும் 20. ஊஞ்சலை அது வரும் தருணம் பார்த்துத் தள்ளுவதுபோல, ஒவ்வொரு வெடிப்பும் அதிர்வைப் பெருக்கும். கதவு கடகடக்கும், பின்பார்வைக் கண்ணாடியில் உருவம் கலங்கும், புகைக்குழாயின் ஒட்டுவாய் விரியும். இறப்பர் நெகிழ்வது அதன் பலவீனமன்று. அதற்கு இட்ட வேலையே அதுதான்.

ஆயினும் மலைநாட்டுச் சாரதியின் முறைப்பாட்டைத் தள்ளிவிட முடியாது. மொரிஸ் மைனர் போன்ற பழைய கார்களில் இயந்திரம் முன்னே, உந்தும் சில்லுகள் பின்னே. பின் அச்சிலுள்ள பற்சக்கரங்கள் பெருக்கிய முறுக்குவிசையின் எதிர்விளைவை அந்தப் பின் அச்சே ஏற்றுக்கொண்டது. முன்சில்லுகள் உந்தும் இக்காலச் சிறு கார்களிலோ இயந்திரம், கியர்ப்பெட்டி, இறுதிப் பற்சக்கரம் யாவும் ஒரே கட்டியாக உள்ளன. முதற் கியரில் இயந்திரத்தின் முறுக்கு ஏறத்தாழ பதினைந்து மடங்காகப் பெருகுகின்றது. அதன் எதிர்விளைவு முழுவதும் அந்தச் சிறு மவுண்டுகளின் தலையில் விழுகின்றது. கினிகத்தேனையிலிருந்து வட்டவளைக்கு ஏறும் வளைவுகளில் நான்கு பேரையும் இரண்டு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு முதற் கியரில் புறப்படும் வாடகைக் காரின் நிலையை எண்ணிப் பாருங்கள். இயந்திரம் பின்னோக்கிச் சாயும். கால் எடுத்ததும் முன்னோக்கி வந்து மோதும். இறப்பர் கிழிவதில் வியப்பென்ன?

இந்த முன்பின் ஆட்டத்தைத் தடுப்பதற்கென்றே பல கார்களில் தனியாக ஒரு தடி இருக்கின்றது. 1959இல் வெளிவந்த மினி காரிலும் அது உண்டு. அத்தடி இயந்திரத்தின் பாரத்தைச் சுமப்பதில்லை. ஆட்டத்தை மட்டுமே அடக்குகின்றது. அதன் நுனிப் புஷ்களைச் சற்றுக் கடினமாக்கினால் நன்மை பெரிது, தீமை சிறிது. பாரம் சுமக்கும் மவுண்டுகளை உற்பத்தியாளர் கொடுத்த இறப்பரிலேயே விட்டுவிடுவது நன்று. ஒன்றை மாத்திரம் கடினமாக்கி மற்றவற்றைப் பழையபடி விடுவது எல்லாவற்றிலும் கெட்டது. முழுப் பாரமும் அந்த ஒன்றின்மேல் சேர்ந்து, அதைப் பிடித்திருக்கும் இரும்புக்கரம் வெடிக்கும். எங்கள் பகுதியில் ஒரு வாடகைக் காருக்கு இப்படி நேர்ந்ததைக் கண்டிருக்கிறேன். பிள்ளைப்பேற்றுக்காக ஒரு தாயை ஏற்றிவந்த வண்டி அது. நல்லவேளையாகப் பின்னே வந்த வானொன்று அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தது.

நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1930களில் தொடங்கிய பழம்பெரும் போட்டி. அங்கே ஓடும் கார்களில் விறைப்பான தாங்கிகளைப் பூட்டுவதில் நியாயம் உண்டு. ஓட்டம் சில நிமிடம்கூட இல்லை. சாரதிக்கு வேண்டியது கால் வைத்தவுடன் சில்லு கேட்கும் சொல். அதிர்வைப் பற்றி அவர் கவலைப்படார். அதைப் பார்த்து, நாள் முழுதும் நோயாளியையும் முதியோரையும் ஏற்றும் வண்டிக்கும் அவ்வாறே செய்வது வேறு கதை.

புஷ்களின் சங்கதி இன்னும் நுட்பமானது. இறப்பர்ப் புஷ் உள்ளும் புறமும் இரும்போடு ஒட்டியது. கரம் அசையும்போது இறப்பரே முறுகி மீள்கின்றது. உராய்வு இல்லை, எண்ணெயும் வேண்டாம். பொலியூரிதேன் புஷ் அப்படியன்று. பெரும்பாலும் அது உள்ளிரும்பின்மேல் வழுக்கிச் சுழல்வது. கிறீஸ் பூச வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 5000 மில்லிமீற்றர் மழை கொட்டும் வட்டவளையில் அந்தக் கிறீஸ் எத்தனை நாள் நிற்கும்? சேறு புகுந்து கீச்சிடத் தொடங்கும். மேலும், தோட்டத்துக் கல்வீதியில் சில்லு குழியில் விழும்போது இறப்பர் சற்றே பின்வாங்கி அடியை வாங்கிக்கொள்ளும். கடினமான புஷ் அந்த அடியை அப்படியே வண்டியின் உடலுக்கு அனுப்பும். துருப்பிடித்த பழைய உடலில் ஒட்டுவாய்கள் பிளக்கும்.

அப்படியானால் புதிய இறப்பர் ஆறு மாதத்தில் கிழிவானேன்? பெரும்பாலான வேளைகளில் குற்றம் பொருளில் இல்லை. பூட்டும் முறையில் இருக்கின்றது. வண்டியை ஜாக்கில் உயர்த்தி, சில்லுகள் தொங்கியபடியே புஷ்ஷின் ஆணியை இறுக்கிவிடுகின்றனர். பின் வண்டி தரையில் இறங்கியதும் கரம் மேலெழ, இறப்பர் நின்ற நிலையிலேயே முறுகிப்போகின்றது. குழியில் விழும்போது அது மேலும் முறுகவேண்டும்; ஆகவே விரைவில் கிழிகின்றது. ஆணிகளைத் தளர்வாக மாட்டி, வண்டியைச் சில்லுகளின்மேல் நிறுத்தி, ஓரிருமுறை அமுக்கி அசைத்து, அதன் பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். மவுண்டுகளையும் அவ்வாறே, எல்லா ஆணிகளையும் தளர்த்தி, இயந்திரம் தானாக அமர்ந்தபின் முறுக்குதல் வேண்டும். மற்றொன்று, எண்ணெய்க் கசிவு. இயற்கை இறப்பருக்கு இயந்திர எண்ணெய் நஞ்சு. அது ஊறிய இறப்பர் வீங்கிக் களிபோலாகும். கசிவை நிறுத்தாமல் மவுண்டை மாற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும்.

1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் வழியாக இங்கே வந்த இறப்பர், இன்று அவிசாவளையைச் சுற்றிய தாழ்ந்த குன்றுகளில் நம் வீதியோரத்திலேயே பால் வடிக்கின்றது. அகலவத்தையில் அதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றது. அடுத்தமுறை கராஜுக்குச் செல்லும்போது, எந்த மவுண்ட் என்று கேட்பதோடு நில்லாமல், ஆணியை எப்போது இறுக்குவீர்கள் என்றும் மெக்கானிக்கைக் கேளுங்கள்.