செல்ஃப் மோட்டாரை வீட்டிலேயே மாத்தலாமா?

இந்த முறை ஒரு நேயரோட கேள்வி. வாரம் ரெண்டு நாள் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போற கார். சில காலையில சாவியைத் திருப்பினா ‘டிக்’னு ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் மோட்டாரை நானே மாத்தலாமான்னு கேட்டிருக்கார்.

மாத்தலாம். ஆனா முதல்ல குற்றவாளி மோட்டார்தானான்னு பார்க்கணும். ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்புங்க. வெளிச்சம் செத்துப் போச்சுன்னா, இல்ல ‘டிக்டிக்டிக்’னு வேகமா அடிச்சா, சந்தேகம் பேட்டரி மேலயும் டெர்மினல் மேலயும்தான். வெளிச்சம் அப்படியே இருந்து ஒரே ஒரு ‘டிக்’ வந்தா, சோலனாய்டு உள்ளே இருக்கிற காண்டாக்டோ கார்பன் பிரஷோ தேய்ஞ்சிருக்கும். உறுதி வேணும்னா மல்டிமீட்டரை எடுங்க. வண்டி நியூட்ரல்ல, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்னொருத்தர் சாவியைத் திருப்பும்போது மோட்டாரோட பெரிய டெர்மினலுக்கும் அதோட உடம்புக்கும் நடுவுல அளந்து பாருங்க. 10 வோல்ட்டுக்கு மேல வந்தும் சுத்தலைன்னா மோட்டார்தான். இந்தப் பத்து நிமிஷ வேலையைச் செய்யாம புது மோட்டார் வாங்குறவங்கதான் அதிகம்.

இனி கழட்டுறது. பேட்டரி நெகட்டிவ்தான் முதல்ல. இதுல சமரசமே கிடையாது. மோட்டாருக்கு வர்ற தடிமனான வயர்ல பெரும்பாலான வண்டிகள்ல ஃபியூஸ் இல்லை. நேரா பேட்டரியிலிருந்து வருது. ஸ்பேனர் அதையும் பாடியையும் சேர்த்துத் தொட்டா ஸ்பேனரே பழுத்துடும். கையில மோதிரம் இருந்தா கழட்டி வைங்க. வண்டிக்குக் கீழே போகணும்னா ஆக்சில் ஸ்டாண்டு கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் படுக்க வேண்டாம்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல மோட்டார் இருக்கும். பெரும்பாலும் ரெண்டு, மூணு போல்ட்தான். கடைசி போல்ட் வரும்போது ஒரு கை மோட்டாருக்குக் கீழே இருக்கட்டும், கனமா இருக்கும். வெளியே வந்ததும் அந்த ஓட்டை வழியா ஃபிளைவீல் பல்லை டார்ச் அடிச்சுப் பாருங்க. பல் உடைஞ்சிருந்தா வீட்டு வேலை அங்கேயே முடிஞ்சுது; கியர்பாக்ஸ் இறக்கணும்.

புதுசை மாட்டுறதுக்கு முன்னாடி பழசையும் அதையும் பக்கத்துல வச்சு பல் எண்ணிக்கை, போல்ட் ஓட்டை ரெண்டையும் சரிபாருங்க. உட்காரும் இடத்துல துரு, பெயிண்ட் இருந்தா தேய்ச்சு எடுங்க. மோட்டாருக்கு எர்த் அந்த உடம்பு வழியாத்தான் போகுது. நெகட்டிவ் கடைசியா.

பழசைக் காயலான் கடைக்குப் போடாதீங்க. ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட கொடுத்தா கார்பனும் புஷ்ஷும் மாத்தித் தருவார். அது வீட்டுல ஸ்பேரா இருக்கட்டும்.