கணினிக்கும் காத்து வேணும்
(மத்தூர் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



1989-ல் அன்றைய தருமபுரி மாவட்டத்தில் ஐஃபாட் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கியபோது கணக்கெல்லாம் நோட்டில்தான். இப்போ சேமிப்பு, கடன், தவணை எல்லாம் கணினியில் ஏற்றுகிறோம். பதிவு போடும்போதே அது அணைஞ்சா, ஒரு சகோதரி கட்டின தவணை கட்டாததாவே நிற்கும்.

தானா அணைஞ்சா உடனே வைரஸ்னு சொல்லிடுறோம். சூடாகவும் இருக்கலாம். உள்ளே பிராசஸர் மேல உலோகத் தகடுகளும் சின்ன ஃபேனும் இருக்கு. தகட்டு இடுக்கில் தூசி அடைச்சா சூடு வெளியேறாது. முதல்ல வேகம் குறையும். அப்புறம் கருகாம இருக்க அதுவே நின்னுடும். நம்ம பக்கம் கிரானைட் லாரி ஓடுற ரோடு, தூசிக்குக் குறைவில்லை. மாசம் ஒருமுறை திறந்து பார்க்கணும்.

பிளக்கைப் பிடுங்கிட்டு, ஃபேன் சுத்தாம விரலால் பிடிச்சு, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டி, ப்ளோயரால் ஊதணும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். வாயால ஊதினாலும் எச்சில் தெறிக்கும். பெட்டியைத் தரையில வைக்காதீங்க, பெருக்குற தூசியெல்லாம் உள்ளேதான் போகும். பூ வேலை செஞ்ச உறை அழகுதான், ஓடும்போது எடுத்துடுங்க. ஆயுத பூஜைப் பொட்டும் காத்து போற ஓட்டையில வேண்டாம்.

யார் முறை, எந்தத் தேதின்னு இன்னிக்கே தீர்மான நோட்டில் எழுதிடுவோம்.