பொறியில் பூச்சி விழவில்லையா?



அரிமளம் பக்கம் கடலைக் கொல்லையில் இனக்கவர்ச்சிப் பொறி வைத்தவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "பொறி காலியாக் கிடக்கு, இந்தத் தடவை புழு இல்லைங்க" என்பார் ஒருவர். "ஒண்ணும் விழலை, காசு தண்டம்" என்பார் அடுத்தவர். இருவருமே கொஞ்சம் பொறுக்க வேண்டும். பூச்சி இருந்தும் பொறி காலியாகக் கிடக்கலாம்.

பொறிக்குள் தொங்கும் ரப்பர் குப்பியில் இருப்பது, பெண் அந்துப்பூச்சி ஆணை அழைக்க விடுகிற வாசனையைப் போலச் செய்த மருந்து. புரொடீனியா பூச்சியின் வாசனை இன்னதென்று 1973-ல் ஜப்பானில் கண்டறிந்தார்கள். ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு கலவை. துவரைக் காய்ப்புழுவின் குப்பியை மாட்டிவிட்டு, கடலைக்கு வரும் புரொடீனியா விழவில்லையே என்றால் எப்படி விழும்? ஒரே பொறியில் இரண்டு குப்பிகளையும் தொங்கவிடாதீர்கள்.

இந்த வாசனை காற்றோடு போகும். ஆண் பூச்சி அதைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிராகப் பறந்து வரும். பொறியைத் தைல மரக்காட்டின் மறைவில் வைத்தாலோ, வரப்பு ஆமணக்கு வளர்ந்து அதை மூடிவிட்டாலோ வாசனை பரவாது. பயிருக்கு மேலே ஓரடி உயரத்தில் திறந்த வெளியில் நிற்கட்டும். பயிர் வளர வளரப் பொறியையும் உயர்த்துங்கள். ஏக்கருக்கு ஐந்து போதும்.

குப்பிக்கும் ஆயுசு உண்டு. இரண்டு மூன்று வாரத்தில் மாற்ற வேண்டும். கோடையில் இன்னும் சீக்கிரம் தீரும். உறையைப் பிரித்துத் தகரக் கொட்டகையில் போட்டு வைத்த குப்பியில் என்ன மிஞ்சும்? புகையிலை தொட்ட கையோடும், மருந்தடித்த கையோடும் குப்பியைத் தொடாதீர்கள். பழைய குப்பியைக் கொல்லையில் வீசினால் பூச்சி பொறியை விட்டுவிட்டு அதைத் தேடிப் போகும். பையின் அடிமுடிச்சு அவிழ்ந்திருந்தால் விழுந்ததும் தப்பிவிடும். அதையும் பாருங்கள்.

மழையிலும் பலத்த காற்றிலும் பூச்சி அதிகம் பறக்காது. அதனால் ஒரு ராத்திரிக் கணக்கை நம்பாதீர்கள். தினமும் காலையில் எண்ணிக் குறித்து வைத்து, வாரத்துக்கு வாரம் ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, பலர் இதை நினைப்பதில்லை. கொல்லையில் பெண் பூச்சியே பெருகிக் கிடந்தால், ஆணுக்கு நிஜப் பெண் பக்கத்திலேயே இருக்கும்போது பொறியை ஏன் தேடிவர வேண்டும்? தாக்குதல் கடுமையாக இருக்கும் சமயத்திலும் பொறியில் விழுவது குறையலாம்.

விழுவதும் ஆண்தான், முட்டை இடுகிற பெண் வெளியேதான் இருக்கிறது. ஆகவே பொறி நிறைந்தது என்று உடனே ஸ்பிரேயரைத் தூக்காதீர்கள். காலி என்று படுத்துத் தூங்கவும் வேண்டாம். இலைகளைப் பாருங்கள், முக்கியமாக ஆமணக்கு இலையின் அடிப்பக்கத்தை. பழுப்பு ரோமம் போர்த்திய முட்டைக் குவியல் இருக்கும். ஒரு குவியலில் நூற்றுக்கணக்கான முட்டைகள். சல்லடையாக அரித்த இலையில் குஞ்சுப் புழுக்கள் கூட்டமாக இருக்கும். அந்த இலையைக் கிள்ளி அழித்துவிட்டால் மருந்துச் செலவு பெரும்பாலும் மிச்சம்.

குப்பி மாட்டிய தேதியைப் பொறிக் கம்பிலேயே எழுதி வையுங்கள். எந்தப் புழுவுக்கு எந்தக் குப்பி என்று சந்தேகம் வந்தால், ஒரு புழுவைப் பிடித்துக்கொண்டு வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள்.