ஜப்பான் பஸ்ஸில் சில்லறை

ஜப்பான் என்றதும் நமக்குப் புல்லட் ரயில்தான் ஞாபகம் வரும். அங்கே போகிறவர்களைத் திணறவைப்பதோ டவுன் பஸ். அதில் கண்டக்டர் கிடையாது.

கியோட்டோ நகரப் பேருந்தில் பின்வாசலில் ஏறி முன்வாசலில் இறங்க வேண்டும். காசு இறங்கும்போதுதான். பெரியவர்களுக்கு நகரின் பெரும்பகுதியில் எங்கே போனாலும் பொதுவாக 230 யென். ஊர்ப்புறப் பேருந்துகளில் தூரத்துக்குத் தக்க கட்டணம். ஏறும்போது எண் அச்சிட்ட சீட்டு ஒன்றைக் கிழித்துக்கொள்ள வேண்டும்; முன்னால் தொங்கும் பலகையில் அந்த எண்ணுக்கு நேரே தொகை ஏறிக்கொண்டே வரும். கணக்குப் பார்ப்பது நம் பாடு.

ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் உண்டியல் பெரும்பாலும் மீதி தராது. அதிலேயே சில்லறை மாற்றும் வாய் ஒன்று உண்டு. 1000 யென் நோட்டைச் செருகினால் நாணயங்கள் கொட்டும். கட்டணம் கழிந்துதான் வந்தது என்று அப்படியே இறங்கிவிடாதீர்கள்! அதிலிருந்து சரியான தொகையை எண்ணிப் போட வேண்டும். வண்டி நிற்கும்போதே மாற்றிக்கொள்வது நல்லது. 5000, 10000 நோட்டுகளை அந்த இயந்திரம் பொதுவாக ஏற்காது. ஏடிஎம் நீட்டுவதோ பெரும்பாலும் 10000 நோட்டு. பஸ் ஏறுமுன் ஏதாவது கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி மாற்றிவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

'கார்டு இருந்தால் போதாதா?' என்பீர்கள். 2001-இல் வந்த சுய்கா போன்ற பயண அட்டைகள் வசதிதான். 2013 முதல் பத்து வகை அட்டைகள் ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று செல்லுபடியாகின்றன. ஆனால் பிளாஸ்டிக் அட்டையில் பணம் ஏற்ற, பெரும்பாலும் ரொக்கம்தான் வேண்டும். கூடவே, 2024 நவம்பரில் குமமோட்டோவின் ஐந்து பேருந்து நிறுவனங்கள், கருவிகளைப் புதுப்பிக்கும் செலவு கட்டுப்படியாகாமல், இந்த அட்டைகளை ஏற்பதையே நிறுத்திவிட்டன. ஆகவே கிராமப்புறம் போகிறவர்கள் கையில் ரொக்கம் இல்லாமல் புறப்படுவது புத்திசாலித்தனம் அல்ல.

அங்கே ரொக்கம் எடுக்க, நம் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்புமுன்பே திறந்துவைக்க வேண்டும். ஏடிஎம் சில சமயம் 'ரூபாயிலா, யென்னிலா?' என்று கேட்கும். யென் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால், மாற்று விகிதத்தில் ஏடிஎம் நடத்துபவர்களின் லாபமும் சேர்ந்துவிடும்.

மிஞ்சிய நாணயங்களை விமான நிலையத்திலேயே செலவழித்துவிடுங்கள். அந்நியச் செலாவணிக் கடைகள் பொதுவாக நோட்டைத்தான் வாங்குகின்றன, நாணயத்தைத் தொடுவதில்லை.