பள்ளி நூலகங்களும் கழிக்கப்பட வேண்டிய நூல்களும்

(பள்ளி நூலகப் பொறுப்பாளர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் குழு, அடுத்த ஆண்டில் தனது அறிக்கையை அளித்தது. பள்ளி நூலகங்களைப் பற்றி அவ்வறிக்கை கூறிய சொற்கள் கடுமையானவை. நூல்கள் பெரும்பாலும் பழையன, காலங்கடந்தன, மாணவரின் விருப்பத்தைக் கருதாமல் தெரிந்தெடுக்கப்பட்டன, எழுத்தரிடமோ அக்கறையற்ற ஓர் ஆசிரியரிடமோ ஒப்படைக்கப்பட்டு, பொலிவற்ற அறையில் சில அலமாரிகளுள் அடைந்து கிடப்பன என்பது அக்குழு கண்ட நிலை.

அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. 1987இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம் தொடக்கப் பள்ளிகளுக்கு நூல்களையும் வழங்கியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், செய்தித்தாள், பருவ இதழ்கள், கதைப் புத்தகங்கள் உள்ளிட்ட பல்துறை நூல்கள் அடங்கிய நூலகம் ஒவ்வொரு பள்ளியிலும் இருத்தல் வேண்டும் என்று தனது அட்டவணையில் விதித்தது. 2018இல் வந்த சமக்ர சிக்ஷா திட்டம், அரசுப் பள்ளிகளின் நிலைக்கேற்ப ரூ. 5,000 முதல் ரூ. 20,000 வரை ஆண்டு நூலக மானியத்துக்கு வழிசெய்தது. இவை அனைத்தும் நூலகத்துக்குள் வரும் நூல்களைப் பற்றியவை. உள்ளே வருவதற்குத் திட்டம் உண்டு, ஒதுக்கீடு உண்டு, செலவினச் சான்றிதழும் உண்டு. வெளியே செல்ல வேண்டிய நூலைப் பற்றிக் கேட்பார் இல்லை.

இதனால் விளையும் கேடு என்ன? சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம். 2000ஆம் ஆண்டுக்கு முந்திய நிலப்பட நூலில் ஜார்க்கண்டு, சத்தீசுகர், இன்றைய உத்தராகண்டு ஆகிய மாநிலங்கள் இரா. 2014இல் அமைந்த தெலங்கானாவும், 2019இல் ஒன்றியப் பகுதியான இலடாக்கும் இரா. சூரியக் குடும்பத்துக்கு ஒன்பது கோள்கள் என்று கூறும் அறிவியல் நூல் 2006க்கு முற்பட்டது. அவ்வாண்டில் புளூட்டோ அவ்வரிசையிலிருந்து நீக்கப்பட்டது. இவை போட்டித் தேர்வில் ஒரு மதிப்பெண்ணை இழக்கச் செய்யும் பிழைகள். பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சிலர் கூறக்கூடும்.

பொறுத்துக்கொள்ள இயலாதவையும் உள்ளன. தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. இன்று அந்நோய் முற்றும் குணப்படுத்தக் கூடியது. நோயாளியை வாழ்நாள் முழுதும் ஒதுக்கிவைக்க வேண்டும் எனக் கற்பிக்கும் பழைய நல்வழி நூல், நோயுற்ற தந்தையை உடைய ஒரு சிறுமியின் கையில் கிடைத்தால் அவள் என்ன முடிவுக்கு வருவாள்? குற்றப் பழங்குடியினர் சட்டம் 1952இல் நீக்கப்பட்டது. அச்சட்டத்தின் கண்கொண்டு சில சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகளாக வருணிக்கும் நூலை, அச்சமூகத்தைச் சேர்ந்த மாணவன் தன் பள்ளியின் முத்திரையுடன் காண நேர்வது எத்தகைய கொடுமை! ‘பள்ளிப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது’ என்பது நம் சிற்றூர்களில் இன்றும் மறுக்கவொண்ணாத சான்று. அச்சான்றை வழங்குவோர் அதன் உண்மைக்கும் பொறுப்பாவர்.

பொருளியல் நோக்கிலும் இதனை ஆராயலாம். நூலுக்குக் கொடுத்த விலை கொடுத்த அன்றே செலவாகிவிட்டது. அந்நூலைப் பூட்டி வைப்பதால் அப்பணம் திரும்புவதில்லை. ஆனால் அது நிற்கும் இடத்துக்கு இன்றும் விலையுண்டு. ஐந்து தட்டுகள் கொண்ட ஒரே அலமாரியை உடைய பள்ளியில் மூன்று தட்டுகளைப் பழைய தேர்வு வழிகாட்டிகளும், மாறிப்போன பாடத்திட்டத்தின் பாடநூல்களும், இன்று வழக்கில் இல்லாத கணிப்பொறி மென்பொருள்களைக் கற்பிக்கும் கையேடுகளும் நிறைத்திருப்பின், மானியத்தில் வாங்கிய புதுக்கதை நூல்கள் கட்டுப் பிரிக்கப்படாமல் தலைமையாசிரியர் அறையின் மூலையில் கிடக்கும். அலமாரியைத் திறந்து மூன்று முறை ஏமாந்த குழந்தை நான்காம் முறை திறப்பதில்லை.

இத்தனையும் ஆசிரியர்கள் அறியாததன்று. அறிந்தும் செய்யாமைக்குக் காரணம் இருப்புப் பதிவேடு. நூலகப் பொறுப்பு ஏற்கும் ஆசிரியர், பதிவேட்டிலுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் கையொப்பமிடுகிறார். மாறுதலாகும்போதோ ஓய்வு பெறும்போதோ, அத்தனையையும் எண்ணி ஒப்படைத்தாக வேண்டும். குறைந்தால் ஊதியத்தில் பிடித்தம் வருமோ, ஓய்வூதியத் தாள்கள் நின்றுபோகுமோ என்னும் அச்சம் அவருக்கு உண்டு. கரையான் அரித்த நூலின் முதுகு அட்டை மட்டும் எஞ்சியிருந்தாலும் அது ஓர் ‘எண்’ ஆகும். எனவே அதனைக் கட்டிக் காக்கிறார். நல்ல நூலையும் மாணவருக்குக் கொடாமல் காக்கிறார். கொடாத நூல் தொலைவதில்லை அல்லவா? இதில் ஆசிரியரைக் குறை கூறுவது முறையன்று. கணக்கைக் கேட்டவர்கள் பயனைக் கேட்கவில்லை; கேட்டதற்கு அவர் விடையளிக்கிறார்.

விதிகள் உண்மையில் அத்துணைக் கடுமையானவையா? மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017 கூறுவதைக் காண்க. இருபதாயிரத்துக்கு மேற்படாத நூல்களைக் கொண்ட நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு நடைபெறல் வேண்டும் என்கிறது விதி 215. அதே விதி, வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல்கள் வீதம் ஓராண்டில் ஏற்படும் இழப்பை, அது நேர்மையின்மையாலோ கவனக்குறைவாலோ நேராதவரை, நியாயமானதாகக் கொள்ளலாம் என்றும் கூறுகிறது. ரூ. 1,000க்கு மேற்பட்ட நூலும், விலை எதுவாயினும் அரிய நூலும் காணாமற்போனால் மட்டும் கட்டாயம் விசாரணை வேண்டும். பயனற்ற பொருளைக் கழிக்க, அப்பொருளை வாங்க அதிகாரம் பெற்றவரே காரணத்தைப் பதிவு செய்து ஆணையிடலாம் என்பது விதி 217. எஞ்சிய மதிப்பு இரண்டு இலட்சம் ரூபாய்க்குக் குறைவாயின், எவ்வகையில் அகற்றுவது என்பதையும் தகுதியுடைய அதிகாரியே முடிவு செய்யலாம் என்கிறது விதி 218. அவர் கருத்தில் கொள்ள வேண்டியவற்றுள் இட அடைப்பைத் தவிர்ப்பதையும் சேர்த்துள்ளது. இட அடைப்பு ஓர் இழப்பே என்பதை நிதி விதியே ஒப்புக்கொள்கிறது! மாநில அரசுப் பள்ளிகளுக்கு அந்தந்த மாநிலத்தின் விதிகளே பொருந்தும். எனினும் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட ஒரு நெறியை மாநிலங்கள் எடுத்துக்கொள்வதற்குத் தடையேதுமில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. பழமை வேறு, பயனின்மை வேறு. அட்டை கிழிந்த நூல் பல கைகள் பட்ட நூலாக இருக்கக்கூடும்; அதனைத் தைத்து, காலிகோத் துணியிட்டு, மயில்துத்தம் கலந்த பசையால் ஒட்டி மீண்டும் தட்டில் வைப்பதே முறை; மீண்டும் அச்சில் வாராத நூலாயின் இச்செலவு கட்டாயம். வட்டார வரலாறு, பள்ளியின் பழைய ஆண்டு மலர்கள், சிறுபான்மை மொழிகளிலும் பழங்குடி மொழிகளிலும் வெளிவந்த நூல்கள் ஆகியவற்றை யாரும் எடுக்கவில்லை என்பதற்காக மட்டும் நீக்கலாகாது. கருத்து பிடிக்காத நூலைக் ‘காலங்கடந்தது’ என்னும் பெயரில் அகற்றுவது கழித்தல் ஆகாது, அது தணிக்கையாகும். இருநூறு நூல்களே உள்ள பள்ளியில் எண்பதை ஒரே நாளில் நீக்கிவிட்டு, புதியவை வருமென்று காத்திருப்பதும் விவேகமன்று. வரும் நூலின் அளவறிந்து கழிக்க வேண்டும். தவறான மருத்துவச் செய்தியும் இழிவுரையும் கொண்டவை மட்டும் இதற்கு விலக்கு. தட்டு காலியாக நின்றாலும் அவை உடனே நீங்குதல் நன்று.

நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் வகுத்த சீர்காழி இரா. அரங்கநாதன், நூலகத்தை வளரும் உயிராக ஐந்தாம் விதியில் கண்டார். உயிர் புதியதை ஏற்பதோடு பழையதைக் கழிக்கவும் செய்கிறது என்பது அவருடைய விளக்கம். அவ்விதியின் முற்பாதியை மட்டும் நாம் மனப்பாடம் செய்துள்ளோம்.

நடைமுறை எளிதே. ஆண்டுச் சரிபார்ப்பின்போது ஒவ்வொரு நூலையும் எண்ணுவதோடு திறந்தும் பார்க்க வேண்டும். ஐயத்துக்குரியவற்றைத் தனித் தட்டில் வைத்து, பாட ஆசிரியர்கள் ஒரு திங்கள் பார்வையிட வாய்ப்பளிக்கலாம். மேல்வகுப்பு மாணவர் இருவரையும் குழுவில் சேர்ப்பது பயன் தரும்; எந்நூல் படிக்கப்படுகிறது என்பதை அவர்களே நன்கு அறிவர். முடிவான பட்டியலில் நூலின் எண், பெயர், நீக்கும் காரணம் ஆகிய மூன்றும் போதும். தலைமையாசிரியர் தமக்குரிய அதிகார வரம்புக்குள் ஆணையிடலாம்; அதற்கு மேற்பட்டதை மேலதிகாரிக்கு அனுப்பலாம். பிழையான நூலை வேறொரு ஏழைப் பள்ளிக்கு அன்பளிப்பாக அளிப்பது அறமாகாது. அது தாள் ஆலைக்குச் செல்லட்டும். வெளியேறும் நூலின் முகப்பில் ‘நீக்கப்பட்டது’ என்று முத்திரையிட்டு, பதிவேட்டில் அதன் எண்ணுக்கு எதிரே ஆணையின் நாளைச் சிவப்பு மையில் குறித்தல் வேண்டும். அவ்வெண்ணை வேறெந்த நூலுக்கும் மீண்டும் வழங்குதல் கூடாது.