ஒரு பாறை போதும்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஆட்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டுவது என் தொழில். சொந்த ஊர் தூத்துக்குடி. 2018 டிசம்பரில் அந்தத் தீவுக்கு ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். கப்பல் டிக்கெட்டில் அந்தப் பெயரைப் பார்த்து, தப்பான தீவுக்குப் போகிறோமோ என்று பயந்துவிடாதீர்கள். பேச்சில் இன்றைக்கும் ஹேவ்லாக்தான். அங்கே ஒரே ஒரு நாளை ஸ்கூபா டைவிங்குக்கு என்று ஒதுக்குகிறவர்கள், அந்த நாளை எப்படி அமைத்துக்கொள்ளலாம் என்று இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு போன் செய்கிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு பட்டியலோடு கூப்பிடுகிறார்கள். ஆமை, சுறா, திருக்கை, கடல் பசு. "அண்ணே, ஒரே நாள்ல எல்லாத்தையும் பார்த்துடலாமா?" என்று கேட்பார்கள். "ஒரு பாறையைப் பார்க்கலாம் தம்பி. நல்லா பார்க்கலாம்" என்பேன். சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் திரும்பிப் போகும்போது அவர்கள் பேசுவது அந்தப் பாறையைப் பற்றித்தான். அந்தப் பாறைக்கு வருகிறேன். அதற்கு முன் சில ஏற்பாடுகள்.

அக்டோபர் முதல் மே வரை டைவிங் காலம். ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை. கடல் கலங்கிக் கிடக்கும். எனக்குப் பிடித்தது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அலை அடங்கி, தண்ணீர் தெளிந்திருக்கும். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். அந்த ஊருக்கும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. அங்கிருந்து கப்பலில் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரத்தில் ஹேவ்லாக். வந்து இறங்கிய அன்றைக்கே கடலில் இறங்க வேண்டாம். இரவு நன்றாகத் தூங்குங்கள். அந்தமானில் ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடும். டைவிங் வேலையும் அதிகாலையிலேயே ஆரம்பித்துவிடும்.

விமான டிக்கெட் போடும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டைவ் செய்த மறுநாள் காலையில் விமானம் ஏறும்படி திட்டம் போடாதீர்கள். ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசிக்கும் காற்றிலிருந்து நைட்ரஜன் கூடுதலாக நம் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலே வந்தபிறகு அது மெதுவாக, மணிக்கணக்கில் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால், உள்ளே காற்றழுத்தம் குறைவு என்பதால் அந்த நைட்ரஜன் உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடலாம். மூட்டுவலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுபோகக்கூடிய ஆபத்து அது. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். நான் முழுதாக ஒரு நாளே சொல்வேன். பயணத்தின் நடுவில் டைவிங்கை வையுங்கள். ராதாநகர் கடற்கரையையும் செல்லுலார் சிறையையும் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

அடுத்து, எங்கே இறங்குவது. சான்றிதழ் இல்லாத புதியவர்களைப் பயிற்றுநர் ஒருவர் 12 மீட்டர் ஆழம் வரை கூட்டிப்போகலாம். நீச்சல் தெரிய வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஜானிஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினாக்கிள் என்று இணையத்தில் பெயர்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அருமையான இடங்கள்தான். ஆனால் அவை படகேறிப் போய் ஆழத்தில் இறங்க வேண்டியவை, சான்றிதழ் பெற்றவர்களுக்கானவை. ஜானியும் டிக்சனும் அந்த இடங்களை அறிந்து சொன்ன கரேன் சமூகத்து டைவர்கள். 1925-இல் ஆங்கிலேயர்கள் காட்டு வேலைக்காகப் பர்மாவிலிருந்து அழைத்துவந்த மக்களின் வழித்தோன்றல்கள் கரேன்கள். கடலை அவர்களைப் போல் படித்தவர்களை நான் பார்த்ததில்லை. முதன்முறை வருகிறவர்களுக்கு நான் சொல்வது, இரண்டாம் எண் கடற்கரையை ஒட்டிய நீமோ ரீஃப். கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். தரை மெல்ல மெல்லச் சரியும்.

டைவ் நடத்துகிறவரிடம் தயங்காமல் கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? புதியவர் என்றால் ஒருவருக்கு ஒருவர் இருப்பதே நல்லது. அவசரத்துக்கு ஆக்சிஜன் இருக்கிறதா? இடுப்பளவுத் தண்ணீரில் எவ்வளவு நேரம் பழக்குவீர்கள்? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிறவரோடு இறங்க வேண்டாம். அவர்கள் தரும் மருத்துவப் படிவத்திலும் உண்மையை எழுதுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை, கர்ப்பம் எதையும் மறைக்காதீர்கள்.

காதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் தாத்தா சங்கு குளித்தவர். கயிற்றில் கட்டிய கல்லை மிதித்துக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்குகிற காலம் அது. வயதான பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பேசினால்தான் அவருக்குக் கேட்கும். எங்கள் தெருவில் அப்படிப் பலர். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. பத்து மீட்டரில் அது மேலே இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. அந்த முதல் சில மீட்டர்களில்தான் காது அதிகமாகக் கஷ்டப்படும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி, செவிப்பறைக்கு உள்ளும் புறமும் அழுத்தத்தைச் சமப்படுத்த வேண்டும். வலி வந்தபிறகு அல்ல, வருவதற்கு முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும். சளி பிடித்திருந்தால் அது நடக்காது. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர், சளியோடு இறங்கியே தீருவேன் என்றார். மூன்று மீட்டரில் காதைப் பொத்திக்கொண்டார். மேலே கூட்டிவந்துவிட்டேன். வருத்தம்தான் அவருக்கு. ஆனால் இன்றைக்கும் அவருக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது.

சரி, பாறைக்கு வருவோம்.

நீமோ ரீஃபில் எட்டு மீட்டர் ஆழத்தில் உருண்டையான பவளப்பாறை ஒன்று உண்டு, ஆள் உயரத்துக்கு. பவளம் என்றதும் சிவப்பு மணியை நினைக்காதீர்கள். இது பழுப்பும் பச்சையும் கலந்த நிறம். இந்த வகை ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அது எத்தனை தலைமுறைகளைப் பார்த்திருக்கும் என்று. 2010 கோடையில் கடல் சூடேறி, அந்தமான் முழுக்கப் பவளங்கள் வெளுத்தன. 2016-லும் வெளுத்தன. கிளை கிளையாக இருந்தவை நிறையச் செத்துப்போயின. இந்த உருண்டைப் பாறைகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன.

அந்தப் பாறையின் ஒரு முனையில் விரல் நீளத்துக்கு ஒரு மீன் இருக்கும். நீல உடம்பு, மூக்கிலிருந்து வால்வரை கறுப்புக் கோடு. துப்புரவு மீன் என்று சொல்கிறோம். அது சும்மா நிற்காது. வாலை மேலும் கீழும் ஆட்டி ஆட்டி ஒரு நடனம் ஆடும். கடை திறந்தாயிற்று என்று அறிவிப்பு அது. ஊர் முனையில் இருக்கும் சலூன் மாதிரிதான். வாடிக்கையாளர்கள் வந்து வரிசையில் நிற்பார்கள்.

ஒரு பெரிய களவா மீன் வரும். அந்தச் சின்ன மீனை ஒரே வாயில் விழுங்கிவிடக்கூடியது. ஆனால் அது பாறைக்கு முன்னால் வந்து அசையாமல் நிற்கும். வாயை அகலத் திறக்கும். செவுள் மூடிகளை விரிக்கும். நிறம்கூட மாறும். நீலக் குட்டி அந்த வாய்க்குள் நுழைந்து, பல்லிடுக்கில் இருக்கும் ஒட்டுண்ணிகளையும் செத்த தோலையும் கொத்தித் தின்னும். பிறகு செவுள் வழியாக வெளியே வரும். களவாவுக்குப் போதும் என்றால் உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கும். குட்டி வெளியே ஓடிவரும். அடுத்தது ஒரு கிளிமீன், தலையை மேலே தூக்கிச் செங்குத்தாக நிற்கும். மற்ற இடத்தில் இவர்களில் சிலர் மற்றவர்களைத் துரத்துகிறவர்கள். இங்கே பொறுமையாகக் காத்திருப்பார்கள்.

இதில் ஏமாற்று வேலையும் உண்டு நேயர்களே. துப்புரவு மீனுக்கு உண்மையில் பிடித்தது ஒட்டுண்ணியைவிட, மீனின் உடம்பைப் போர்த்தியிருக்கும் கோழைப் படலம்தான். சில நேரம் ஆசையில் அதைக் கடித்துவிடும். வாடிக்கையாளர் துள்ளித் திரும்பித் துரத்தும். அடிக்கடி அப்படிச் செய்கிற மீனிடம் வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். இதே நீலம், இதே கறுப்புக் கோடு, இதே நடனத்தோடு இன்னொரு மீனும் திரிகிறது. அது வேறு இனம். நம்பி நிற்கிற மீனின் துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் வாயில் இருக்கிறது. உண்மையான துப்புரவு மீனுக்கு வாய் முகத்தின் நுனியில். போலிக்கு வாய் அடியில். இதைக் கண்டுபிடித்துவிட்டால் நீங்கள் நல்ல கண் உள்ளவர்.

உண்மையான துப்புரவு மீன்களில் ஒரு பாறைக்கு ஓர் ஆண், அதன் கீழ் சில பெண்கள். அந்த ஆண் செத்துப்போனால் பெண்களில் பெரியது ஆணாக மாறி, அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். பக்கத்திலேயே கடல்சாமந்தியில் வாழும் கோமாளி மீனிடம் இது தலைகீழ். அங்கே குடும்பத்துக்குப் பெண்தான் பெரியவள். அவள் போய்விட்டால், இருக்கிற ஆண் பெண்ணாகிவிடும்.

காரைக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மகனோடு வந்திருந்தார். "தம்பி, எனக்கு நீச்சலும் தெரியாது, கண்ணாடி இல்லாட்டி மீனும் தெரியாது" என்றார். பவர் லென்ஸ் வைத்த முகக்கண்ணாடி கிடைக்கும் அம்மா, அதோடு தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்றேன். மகன் ஆமையைத் தேடி இன்னொரு பயிற்றுநரோடு போனான். அம்மாவை நான் அந்தப் பாறைக்கு முன்னால் நிறுத்தினேன். அவர் கையைக்கூட அசைக்கவில்லை. மேலே வந்து முகக்கண்ணாடியைக் கழற்றியதும் சொன்னார்: "அந்தப் பெரிய மீனு வாயத் திறந்துட்டு எவ்ளோ நம்பிக்கையா நிக்குது பாருங்க!" மகன் ஆமையைப் பார்க்கவில்லை. மதியம் அவனும் பாறைக்கு வந்தான்.

அங்கே எப்படி நிற்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கை நீளம் தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். மூச்சை நிதானமாக இழுத்து, நிதானமாக விடுங்கள். சிலிண்டரில் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கும். 50 பார் மிச்சமிருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும். பதறாமல் மூச்சுவிடுகிறவருக்கு முக்கால் மணி நேரம்கூடக் கிடைக்கும். கால் துடுப்பு பவளத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீன்கள் வேலையை நிறுத்திவிட்டு ஒதுங்கினால், நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். கொஞ்சம் பின்வாங்குங்கள்; திரும்ப வரும். எதையும் தொடாதீர்கள், ரொட்டித்துண்டு போடாதீர்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டுங்கள். கட்டை விரலை உயர்த்திக் காட்டினால் வழிகாட்டி உங்களை மேலே கூட்டிக்கொண்டு போய்விடுவார். மற்றொன்று, ஆழம் போகப்போகச் சிவப்பு நிறம்தான் முதலில் மறையும். வழிகாட்டியிடம் டார்ச் இருந்தால் ஓரமாக இருக்கும் கடற்பஞ்சின்மேல் அடிக்கச் சொல்லுங்கள். சாம்பலாகத் தெரிந்தது ரத்தச் சிவப்பாக மாறும்.

பெரிய விலங்குகள்? பேராமையும் அழுங்காமையும் வரலாம், வந்தால் துரத்தாதீர்கள். நாம் ஆவுளியா என்று சொல்லும் கடல் பசு அந்தமான் நிக்கோபாரின் மாநில விலங்கு. கடற்புல் மேயும் பிராணி. பார்ப்பது அபூர்வம், அதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். நம் பாக் விரிகுடாவில் 2022-இல் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்றே காப்பகமாகத் தமிழ்நாடு அறிவித்திருக்கிறது என்பதை மட்டும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

நேரம் நெருங்கிவிட்டது. காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெயிலுக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள். உதிர்ந்து கிடக்கும் பவளத் துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள்; 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளத்துக்குப் புலிக்குச் சமமான பாதுகாப்பு, விமான நிலையத்தில் சோதனையும் உண்டு.

எனக்கு ஓர் ஆசை. இந்தத் துப்புரவு மீன் தூத்துக்குடிக்கு எதிரே மன்னார் வளைகுடாவிலும் இருக்கிறது. ஹேவ்லாக்கில் அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்களில் நாலு பேராவது முறையாகப் பயிற்சி எடுத்து, நம் கடலிலும் இறங்கிப் பார்க்க வேண்டும். நம் கடற்கரைப் பிள்ளைகள் அவர்களுக்கு வழிகாட்டிகளாக நிற்க வேண்டும். அடுத்த முறை அவர்களில் ஒருவர் இந்த மைக்கின் முன் பேச வருவார் என்று நம்புகிறேன்.